தாழ்த்திய காருக்கு ஏற்ற அலைன்மென்ட் கடையைத் தேடி

காரைக்குடி நகருக்குள்ளும், அங்கிருந்து தேவகோட்டைக்கும் திருப்பத்தூருக்கும் பிரியும் சாலைகளிலும் சக்கர அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வது) பார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. டயர் விற்கும் கடைகள் பல ஓர் அலைன்மென்ட் கருவியை வைத்திருக்கின்றன. கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே ஓடும் காராக இருந்தால், இவற்றுள் எதில் நுழைந்தாலும் பெரிய கேடு நேர்ந்துவிடாது. ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்திய காருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் காரை அளக்கும் இடத்தில் ஏற்றுவது முதல், திரையில் வரும் எண்ணைப் புரிந்துகொள்வது வரை ஒவ்வொரு படியிலும் கடைக்காரரின் கவனம் வேறு விதமாக இருக்க வேண்டியிருக்கிறது. எந்தக் கடையில் எத்தனை லட்ச ரூபாய்க் கருவி இருக்கிறது என்று விசாரிப்பதைவிட, அந்தக் கடையின் தரை எப்படி இருக்கிறது, வேலை பார்ப்பவர் அளப்பதற்கு முன் என்ன கேட்கிறார், எதை முதலில் திருகுகிறார், எதைக் கடைசியில் திருகுகிறார் என்று கவனிப்பதே பயன் தரும் என்பது இந்தத் தேடலில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட். கம்பெனியின் கணக்குப்படி அதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 170 மி.மீ. இடைவெளி உண்டு. நான் போட்டிருக்கும் ஸ்பிரிங் அதை ஏறத்தாழ 35 மி.மீ. குறைத்திருக்கிறது. திருமயத்திலிருந்து காரைக்குடி நோக்கி வரும் நெடுஞ்சாலையில் வளைவுகளில் வண்டி சாயாமல் திரும்புவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் தாழ்த்தினேன். இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறைப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, வளைவாக எழுந்து வளைவாகவே இறங்க வேண்டும். அந்த அளவில் கட்டிய தடைகளை என் வண்டி தட்டாமல் கடந்துவிடும். தெருக்காரர்கள் தாங்களாகவே சிமென்ட்டைக் கொட்டி எழுப்பிய தடைகளில்தான் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. இப்படிச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிந்துகொள்வது முறை.

தாழ்த்தும்போது சக்கரத்திற்கு என்ன நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல கடையை இனங்காண முடியாது. ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களின் முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண், இருக்கிறது. சக்கரத்தைக் கீழே தாங்குவது லோயர் ஆர்ம். மேலே பிடிப்பது ஸ்ட்ரட். உடல் கீழே இறங்கும்போது லோயர் ஆர்மின் கோணம் மாறுகிறது. சக்கரத்தின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்கிறது. இதுவே நெகடிவ் கேம்பர். 35 மி.மீ. தாழ்த்தினால் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை இது கூடுவது வழக்கம். அதோடு, ஸ்டியரிங் ராக்கிலிருந்து (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடவலமாக நகரும் தண்டு) சக்கரத்திற்குப் போகும் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வட்டப்பாதையில் ஏறி இறங்குவதில்லை. அதனால் உயரம் மாறிய உடனேயே டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்விளிம்பு எவ்வளவு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கிறது என்ற அளவும் மாறிவிடுகிறது. உள்நோக்கியா வெளிநோக்கியா என்பது ராக் எங்கே அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோனால் எல்லோரும் கேம்பரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். “தாழ்த்தினால் உள்பக்கம் தேயத்தான் செய்யும்” என்று சொல்லிக் காரைத் திருப்பி அனுப்பும் கடைகளும் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. ஒரு டிகிரி கேம்பர் சாய்வோடு ஓடும் சக்கரம் நேராக உருண்டுகொண்டிருந்தால் தேய்மானம் மெதுவாகத்தான் கூடும். டோ தவறினால் நிலைமை வேறு. சக்கரம் போகும் திசைக்கும் பார்க்கும் திசைக்கும் இடையே ஒரு டிகிரி விலகல் இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டே ஆக வேண்டும். இது எளிய கோணக் கணக்கு. ஒரு டிகிரி என்பது 60 நிமிடம். அதில் 10 நிமிடம் மட்டுமே தவறியிருந்தாலும் கிலோமீட்டருக்கு 3 மீட்டர். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குச் சுமார் 90 கி.மீ. ஒரு முறை போய்ச் சேர்வதற்குள் அந்தச் சக்கரம் கால் கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் உரசிக்கொண்டே போயிருக்கும். கேம்பரால் எடை உள்விளிம்பில் கூடியிருப்பதால் அந்த உரசலின் பெரும்பகுதி அங்கேயே விழுகிறது. ஆகவே தாழ்த்திய காரில் டயரைக் காப்பாற்ற வேண்டுமானால் டோவைத்தான் மிகத் துல்லியமாக வைக்க வேண்டும். கேம்பர் இரு பக்கமும் ஒத்திருந்தால் பெரும்பாலும் போதும்.

இனி கடை. முதலில் காரை உள்ளே கொண்டுபோக வேண்டும். பளபளப்பான புதிய கடைகள் பலவற்றில் நான்கு தூண் லிஃப்ட் இருக்கிறது. அதன் மேடையில் ஏறுவதற்கு வைத்திருக்கும் சாய்தளம் குட்டையாக இருந்தால், முன்சக்கரம் அதைத் தொடுவதற்கு முன்பே பம்பரின் கீழ்விளிம்பு போய் முட்டும். ஒரு கடையில் இதைச் சொன்னபோது, “வேகமா ஏத்திருவோம் சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். நான் ஏற்றாமல் திரும்பிவிட்டேன். இன்னொரு கடையில் கேட்காமலேயே இரண்டு நீண்ட பலகைகளைக் கொண்டுவந்து சாய்தளத்தின் முன்னால் போட்டு ஏற்றத்தைச் சரிவாக்கினார்கள். காரைக்குடியில் இடித்த வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் கடையில் வாங்கிய பழைய தேக்காம், ஒரு பலகையில் கீல் இருந்த தடம்கூடத் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்திருக்கக்கூடிய மரம் என் பம்பரைக் காத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

ஆனால் தாழ்த்திய காருக்கு உண்மையில் ஏற்றது, தரை மட்டத்திலேயே டர்ன் டேபிளை (முன்சக்கரம் நின்றபடியே திரும்ப உதவும் சுழல் தட்டு) பதித்து, நடுவே பள்ளம் வெட்டியிருக்கும் பழைய பாணிக் கடைதான். ஏற்றமே இல்லாததால் உரசல் இல்லை. ஆள் கீழே இறங்கி நின்று டை ராடைத் திருகுவார். இத்தகைய கடைகளைப் பழையவை என்று பலர் ஒதுக்குகிறார்கள். புதுக்கோட்டை நெடுஞ்சாலையை ஒட்டி நான் இப்போது போகும் கடை அப்படிப்பட்டதுதான். பெயர்ப்பலகைகூடப் பாதி மங்கியிருக்கிறது.

பள்ளக் கடையில் பார்க்க வேண்டியது மட்டம். முன்னே இரண்டு டர்ன் டேபிளும், பின்னே சக்கரம் நிற்கும் இரண்டு தட்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் முன்சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரம். ஒரு பக்கத் தட்டு மற்றதைவிட 1 செ.மீ. தாழ்ந்திருந்தால், கார் முழுவதும் 0.4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்து நிற்கும். சரிவை வைத்துக் கேம்பரை அளக்கும் கருவி அந்தச் சாய்வை ஒரு சக்கரத்தில் கூட்டியும் மற்றதில் குறைத்தும் காட்டும். இரண்டுக்கும் இடையே முக்கால் டிகிரி வேறுபாடு இருப்பதாகத் திரை சொல்லும்; காரில் அந்த வேறுபாடே இருக்காது. இல்லாத குற்றத்தைத் திருத்தப் புகுந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். கேமரா வைத்த த்ரீ டி கருவிகளும் இதிலிருந்து முழுவதும் தப்பிவிடுவதில்லை. கருவியைப் பொருத்திய அன்று இருந்த தளம் பின்னர் ஒரு பக்கம் அமுங்கினால், கார் நிற்கும் நிலை மாறுகிறது, எடை பகிர்வு மாறுகிறது, கணக்கும் மாறுகிறது.

நான் போகும் அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெரியவர் இதற்கு வைத்திருக்கும் வழி என்னைக் கவர்ந்தது. கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்கும் அதே தண்ணீர் டியூப்தான். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு டர்ன் டேபிளின் ஓரத்திலும் மறு முனையை எதிர்ப்பக்கத் தட்டின் ஓரத்திலும் பிடித்தால் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். முன்னிருந்து பின்னுக்கும் அவ்வாறே. மழைக்காலம் முடிந்ததும் தவறாமல் பார்த்துவிடுவதாகவும், ஒரு தட்டு அமுங்கியிருந்தால் அடியில் தகடு கொடுத்து உயர்த்துவதாகவும் சொன்னார். ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய தளங்களை மேடு பள்ளமின்றிப் போட்ட கொத்தனார்கள் வாழும் வட்டாரத்தில் இந்தத் திறமை அலைன்மென்ட் கடைக்கும் வந்து சேர்ந்திருப்பது இயல்பானது என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கடைக்குப் போனாலும், “தட்டு மட்டம் எப்போது பார்த்தீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லும் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அவர் காரைத் தட்டில் ஏற்றுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார்.

“தம்பி, எம்புட்டு எறக்கியிருக்கீக?”

“முப்பத்தஞ்சு மில்லி இருக்கும்ண்ணே.”

“ஸ்பிரிங் நேத்து மாட்டுனதா, ஓடிப் பழகுனதா?”

“ஒரு மாசத்துக்கு மேல ஓடிருச்சு.”

“ஆர்ம் புஷ்ஷ வண்டி தரையில நிக்கும்போது டைட் பண்ணாகளா, சக்கரம் தொங்கும்போதா?”

இந்த மூன்றாவது கேள்வியை வேறு எந்தக் கடையிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. லோயர் ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் நடுவில் செல்லும் போல்ட்டை எந்தக் கோணத்தில் இறுக்குகிறோமோ, அந்தக் கோணமே ரப்பருக்கு இயல்பான நிலையாகிறது. கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். தாழ்த்திய காரில் அந்த முறுக்கல் இன்னும் கூடுதல். புஷ் விரைவில் கிழியும். அதற்கு முன்பே காரின் உயரத்தை ஓரிரு மில்லிமீட்டர் மாற்றும். அவர் பள்ளத்தில் இறங்கி, நான்கு சக்கரமும் தட்டில் நிற்கும்போதே அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, காரை இரண்டு பக்கமும் அமுக்கி ஆட்டச் சொல்லி, மீண்டும் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) இறுக்கினார். அதன் பிறகுதான் கருவியின் மூடியையே திறந்தார்.

அடுத்து அவர் பார்த்தவை எல்லாரும் பார்க்க வேண்டியவை: நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று, பால் ஜாயின்டிலும் (லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் சேரும் உருண்டை மூட்டு) டை ராடு எண்டிலும் (டை ராடின் முனை மூட்டு) ஆட்டம் இல்லாமை, வீல் பேரிங்கில் சத்தம் இல்லாமை. ஆட்டமுள்ள எண்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண். அளவுக் கருவியைப் பிடிக்கும் கிளாம்பை ரிம்மில் மாட்டிய பிறகு காரைப் பின்னும் முன்னும் சிறிது உருட்டி ரன் அவுட் எடுக்க வேண்டும், அதாவது சக்கரம் சுழலும்போது வரும் கோணலைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிற கடைகளைக் கண்டிருக்கிறேன். ரிம்மில் சிறு வளைவு இருந்தாலும் அது டோவாகத் திரையில் ஏறிவிடும். சக்கரத்தில் தொங்கும் சென்சார் ஹெட்டுகளைக் கொண்ட சிசிடி வகைக் கருவியில், முன்ஹெட்டுகள் இரண்டும் காருக்கு முன்னால் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும். தாழ்ந்த பம்பர் அந்தப் பார்வையை மறைத்துவிடும். அதற்கென ஸ்பாய்லர் முறை என்றே ஒன்று பல கருவிகளில் இருக்கிறது. ஹெட்டைக் கீழே சாய்த்து அளக்கலாம். அதைத் தெரிந்திருப்பவர் தாழ்ந்த கார்களை முன்பே பார்த்தவர் என்று கொள்ளலாம்.

திரையில் தெரியும் நிறத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். கருவியில் கார் மாடலைத் தேர்ந்தெடுத்ததும், கம்பெனி குறித்த அளவுக்குள் இருப்பது பச்சையாகவும் வெளியே இருப்பது சிவப்பாகவும் தெரியும். அந்த அளவுகள் கம்பெனி உயரத்தில் நிற்கும் காருக்கு உரியவை. தாழ்த்திய காரின் கேம்பர் சிவப்பாக வருவது இயல்பு. இங்கேதான் கடைகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு வகையினர் எப்படியாவது பச்சையைக் கொண்டுவர வேண்டும் என்று ஹைட்ராலிக் ஜாக்கியை ஸ்ட்ரட்டுக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளுக்கும் இடையே கொடுத்து இரும்பையே வளைக்கப் பார்க்கிறார்கள். நம் ஊர்களில் இது பரவலாக நடக்கிறது. நான் இதை முற்றிலும் எதிர்க்கிறேன். ஸ்ட்ரட்டின் உள்ளே ஓடும் ராடு நேராக இருந்தால்தான் சீல் நிற்கும். வளைத்த ஸ்ட்ரட் எண்ணெய் கசியத் தொடங்கும். நக்கிள் எங்கே பலவீனமடைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. உயிரைத் தாங்கும் பாகம் அது. ஜாக்கியை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், தயங்காமல் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு வகையினர் எண்ணைப் பார்க்கிறார்கள். என் காரில் இடது, வலது கேம்பருக்கு இடையே இருந்த வேறுபாட்டைத்தான் பெரியவர் முதலில் சுட்டிக்காட்டினார். ஸ்விஃப்டில் ஸ்ட்ரட் இரண்டு போல்ட்டுகளால் நக்கிளோடு சேர்கிறது. அவற்றுள் ஒன்றை மையம் விலகிய கேம்பர் போல்ட்டாக மாற்றினால், எதையும் வளைக்காமல் ஏறத்தாழ ஒரு டிகிரி அளவுக்குச் சரிசெய்ய முடியும். அதிகமாகச் சாய்ந்திருந்த பக்கத்தில் அந்த போல்ட்டைப் போட்டு, இரண்டையும் ஒத்த அளவுக்குக் கொண்டுவந்தார். திரையில் இரண்டும் சிவப்பாகவே இருந்தன. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, நானும் கவலைப்படவில்லை. பிறகு காரை மீண்டும் அமுக்கி ஆட்டி, ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டி, கடைசியாக டோவைத் திருகினார். இந்த வரிசை மாறக் கூடாது. கேம்பரைத் தொட்டால் டோ மாறும். ஆகவே டோ எப்போதும் கடைசி.

பின்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இத்தகைய கார்களில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச்சட்டம்; கம்பெனி வைத்த கோணத்தில் திருக எதுவும் இல்லை. இருந்தாலும் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். பீம் வளைந்திருந்தால் பின்சக்கரங்கள் தள்ளும் திசை காரின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும். முன்னால் எத்தனை முறை டோ வைத்தாலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். பீமுக்கும் சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்சிலுக்கும் இடையே சாய்வான ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஓரளவு திருத்தலாம். “பின்னாடி பார்க்க ஒண்ணுமில்ல” என்று முன்சக்கரத்தோடு முடித்துக்கொள்ளும் கடை பாதிக் கடைதான்.

திருச்சிக்கோ மதுரைக்கோ போய்விடலாமே என்று நண்பர்கள் கேட்டதுண்டு. மதுரையும் ஏறத்தாழ அதே தூரம்தான். பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்துப் பழகிய ஆள் அங்கே உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் போகலாம். பெரிய ஊர், பெரிய கருவி என்பதற்காக மட்டும் போக வேண்டியதில்லை. அருகில் இருக்கும் கடைக்கு இன்னொரு பெரும் வசதி உண்டு: வேலை முடிந்ததும் கடைக்காரரையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டலாம், சரியில்லை என்றால் உடனே திரும்பி வந்து தட்டில் ஏற்றலாம். நெடுஞ்சாலையின் இடது ஓரம் மழைநீர் வடிவதற்காகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் கார் லேசாக இடப்பக்கம் போவதை அலைன்மென்ட் குற்றமாகக் கருதக் கூடாது. போக்குவரத்து இல்லாத, சரிவும் இல்லாத ஒரு தெருவில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். நகரத்தார் ஊர்களில் கோட்டை இழுத்ததுபோல் நேராக ஓடும் நீண்ட தெருக்கள் இதற்கு மிகவும் ஏற்றவை; விடியற்காலையில் அவற்றில் ஆளும் இருக்காது.

புதிதாக ஸ்பிரிங் போட்டவர்கள் இரண்டு முறை அலைன்மென்ட்டுக்குப் பணம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மாட்டிய அன்றே டோவை மட்டும் சரிசெய்துவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் அமரும்வரை காத்திருக்கும் நாட்களிலேயே டயர் போய்விடும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு முழு அலைன்மென்ட். இரண்டு முறையும், வேலைக்கு முன் எடுத்த அளவையும் பின் எடுத்த அளவையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளின் ஓரத்தில் நான்கு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கேம்பர் மாறியிருந்தால், ஸ்பிரிங் இன்னும் இறங்கியிருக்கிறதா, ஏதாவது பள்ளத்தில் விழுந்து ஆர்ம் வளைந்திருக்கிறதா என்று அந்த நான்கு எண்களை வைத்துப் பிரித்துவிடலாம். உயரம் நான்கு பக்கமும் அப்படியே இருந்து ஒரே ஒரு சக்கரத்தின் கேம்பர் மட்டும் மாறியிருந்தால், டோவைத் திருகச் சொல்லாமல் முதலில் அந்தப் பக்கத்து லோயர் ஆர்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.